ஏளனம் எந்தப் பிள்ளையையும் ஓட வைத்ததில்லை



அண்மையில் ஒரு வலீமா விருந்தில் நம் கண்ணெதிரே நடந்த சம்பவம் இது. 14 வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் மற்ற மூவருடன் சஹனில் வந்து அமர்ந்தான். நல்ல பருமனான உடல். பரிமாறிக்கொண்டிருந்த அவனுடைய சாச்சா, "இவன் ஒருவனுக்கே இந்த சஹன் போதாது; அந்த மூவருக்கும் வேறு சஹன் கொண்டு வாருங்கள்" என்று உரக்கச் சொன்னார். பந்தி முழுவதும் சிரித்தது. சிறுவனின் வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். "நாங்களும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். ஃபஜ்ருக்குப் பிறகு கொஞ்சம் நடடா என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். சோம்பேறி" என்று தம் பங்குக்கு அவரும் ஒரு சொல்லைச் சேர்த்தார். சிறுவனும் சிரித்தான். ஆனால் அவன் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

உணவு முடிந்து நாம் வெளியே வந்தபோது, வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுவரோரமாக நின்று, பந்து போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை பந்து அவன் காலடியிலேயே வந்து நின்றது. அதை அவன் உதைக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து கையால் எடுத்துக் கொடுத்தான்.

அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நாவு எழவில்லை. ஆட வேண்டும் என்ற ஆசை அவன் கண்ணில் இருந்தது. ஆடினால் சிரிப்பார்கள் என்ற அச்சம் அவன் காலைக் கட்டியிருந்தது. அந்த அச்சத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் அவனுடைய பெரியவர்கள். உடற்பருமன் உள்ள நம் வளரிளம் பிள்ளைகளுக்கு ஊக்கம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், அந்த ஊக்கத்தைப் பறித்த கை யாருடையது என்று கேட்டுக்கொள்வதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

ஏச்சு யாருக்கு மட்டும்?

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை என்று 2016ஆம் ஆண்டு வரையிலான உலகளாவிய தரவுகள் காட்டுகின்றன. ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காடு. பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு.

இந்தக் கணக்கின் பொருள் என்ன? மெலிந்த பிள்ளையும் ஓடுவதில்லை. பருத்த பிள்ளையும் ஓடுவதில்லை. ஐந்து பேரில் நான்கு பேர் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஆனால் கைப்பேசியும் கையுமாக நாள் முழுவதும் கிடக்கும் மெலிந்த பிள்ளையை யாரும் சோம்பேறி என்று அழைப்பதில்லை. ஏச்செல்லாம் பருத்த பிள்ளைக்கு மட்டுமே. அப்படியானால் நம்முடைய கவலை உண்மையிலேயே ஆரோக்கியத்தைப் பற்றியதா, அல்லது தோற்றத்தைப் பற்றியதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்.

உடல் பருப்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டில் என்ன சமைக்கிறோம், எத்தனை மணிக்கு உண்கிறோம், பிள்ளை எத்தனை மணிக்கு உறங்குகிறது என்பவற்றுக்கும் பங்கு உண்டு. இவற்றில் எதையும் 12 வயதுப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. இரவு 10 மணிக்குப் பரோட்டாப் பொட்டலத்துடன் வீட்டுக்கு வருபவர் வாப்பா. அஸருக்குப் பிறகு சமோசாவும் சீனி போட்ட தேநீரும் வைப்பவர் உம்மா. பிள்ளை செய்யும் ஒரே குற்றம், நாம் வைத்ததை உண்பது.

கண்டிப்பு என்ற பெயரில் நடப்பது

"நாங்கள் கண்டிக்காவிட்டால் வேறு யார் கண்டிப்பார்கள்? நான்கு பேர் முன்னால் சொன்னால்தான் சுரணை வரும்" என்று சிலர் வாதிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வாதம் தவறானது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017ஆம் ஆண்டில் இது குறித்து ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. உடல் எடையைச் சொல்லி இழிவுபடுத்துவது பிள்ளைகளை எடை குறைக்கத் தூண்டும் என்ற எண்ணம் தவறு என்று அது தெளிவாகக் கூறுகிறது. இழிவுக்கு உள்ளாகும் பிள்ளை உடற்பயிற்சியைத் தவிர்க்கிறது, தனிமையை நாடுகிறது, கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கத்துக்கு ஆளாகிறது, இறுதியில் எடை மேலும் கூடுகிறது. எந்த நோய்க்கு மருந்து என்று நினைத்து ஊட்டுகிறோமோ, அந்த நோயையே நம் ஏளனம் வளர்க்கிறது.

இதற்கு மருத்துவ அறிக்கைகூடத் தேவையில்லை. பள்ளி விளையாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுபவன் யார்? பந்து பொறுக்கவும், நடுவராக நிற்கவும், கோல் கம்பத்தை அடைத்துக்கொண்டு நிற்கவும் யாரை அனுப்புகிறார்கள்? ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் முடித்த பிறகு, அத்தனை பேரும் பார்க்க, தனியே ஓடி வருபவள் யார்? அந்தப் பிள்ளை சுமக்கும் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு மற்றவர்களைவிட அதிக வலு தேவை. மூச்சு முந்தி வாங்குகிறது; தொடைகள் உராய்ந்து எரிகின்றன; முட்டி வலிக்கிறது. அவ்வளவையும் தாங்கிக்கொண்டு முடித்தால் கிடைப்பது சிரிப்பு. மறுமுறை வயிற்று வலி என்று சொல்லி வகுப்பிலேயே அமர்ந்துகொள்ளாமல் அந்தப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

மார்க்கம் நமக்குக் காட்டிய வழி

பிறரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் சூரத்துல் ஹுஜுராத்தில் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறான். இந்த வசனத்தை நாம் அண்டை வீட்டாருக்கும் அயலாருக்கும் பொருத்திப் பார்க்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்துவதில்லை. "குண்டு", "பீப்பாய்", "யானைக்குட்டி" என்று செல்லமாக அழைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பட்டப்பெயர் செல்லமா இல்லையா என்பதைச் சூட்டியவர் முடிவு செய்ய முடியாது. சுமப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி பறிக்க மரத்தில் ஏறியபோது, அவர்களுடைய மெலிந்த கெண்டைக்கால்களைக் கண்டு சிலர் சிரித்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடவில்லை. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று உணர்த்தினார்கள். உடலைப் பார்த்துச் சிரித்தவர்கள் நபித்தோழர்களாகவே இருந்தும் திருத்தப்பட்டார்கள். நம் வலீமாப் பந்தியில் அப்படித் திருத்துவதற்கு ஒருவரும் இல்லாமல் போனோம். அன்று வாய் மூடி நின்றவர்களில் நாமும் அடக்கம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு நிகழ்ச்சி நாம் அனைவரும் பயானில் கேட்டது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் முந்தினார்கள். பின்னர் மற்றொரு பயணத்தில் மீண்டும் ஓடினார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் முந்தினார்கள். இல்லற அன்புக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்லிவிட்டு நாம் கடந்து போய்விடுகிறோம். இந்த ஹதீஸில் நாம் கவனிக்கத் தவறும் இரண்டு செய்திகள் உள்ளன. இரண்டாம் முறை ஓடியபோது தமக்குச் சதை போட்டிருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களே கூறுகிறார்கள். மேலும், பந்தயத்துக்கு முன்னர் உடன் வந்த தோழர்களை முன்னே செல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும் அறிவிப்பு உள்ளது.

உடல் கனத்திருந்தவரைப் பார்த்து, "நீ பருத்துவிட்டாய், ஓடு" என்று அவர்கள் கட்டளையிடவில்லை. வா, ஓடுவோம் என்று அழைத்தார்கள். தாமும் உடன் ஓடினார்கள். பார்ப்போர் கண்ணிலிருந்து அந்த ஓட்டத்துக்கு மறைவும் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அழைப்பு, துணை, கண்ணியம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. நாம் நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்றில் எதைக் கொடுத்திருக்கிறோம்? நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, "போய் ஓடு" என்கிறோம்.

தராசு முள் நல்ல ஆசானல்ல

நாம் செய்யும் மற்றொரு பிழை, உடற்பயிற்சியின் ஒரே பயன் எடைக் குறைப்பு என்று பிள்ளையிடம் சொல்வது. "ஒரு மாதம் நட, பத்துக் கிலோ குறையும்" என்று வாக்களிக்கிறோம். பிள்ளை நம்பி நடக்கிறது. மாத இறுதியில் தராசில் ஏறினால் முள் அசையவே இல்லை. உணவு முறையில் மாற்றமின்றி உடற்பயிற்சியால் மட்டும் குறையும் எடை பொதுவாகச் சொற்பமே. வளரும் வயதில் உயரமும் தசையும் கூடுவதால் எடை அப்படியே நிற்பதும் உண்டு. இதை அறியாத பிள்ளை, தான் தோற்றுவிட்டதாக எண்ணி நடையை நிறுத்துகிறது. பொய்யான வாக்குறுதி கொடுத்தவர்கள் நாம். தோல்வியைச் சுமப்பது பிள்ளை.

எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும், உடலை இயக்கும் பிள்ளைக்குப் பல நன்மைகள் கிடைக்கின்றன. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்கிறது, இரத்த அழுத்தம் சீராகிறது, கல்லீரலில் படியும் கொழுப்பு குறைகிறது, எலும்பு வலுப்படுகிறது, நல்ல உறக்கம் வருகிறது, மனச்சோர்வு விலகுகிறது. இவற்றைப் பிள்ளையிடம் சொல்வோம். "போன வாரம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது; இந்த வாரம் வாங்கவில்லை" என்று பிள்ளை தானாக உணரும் நாளைக் கொண்டாடுவோம். வீட்டுத் தராசைப் பரண் மேல் ஏற்றிவிடுவோம்.

"தொழுகையே போதுமே" என்போருக்கு

ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதான், தனியாக வேறெதுவும் தேவையில்லை என்ற பேச்சு நம்மிடையே பரவலாக உள்ளது. இதை நாம் உறுதியாக மறுக்கிறோம். தொழுகை இறைவனை நினைவுகூர்வதற்காகக் கடமையாக்கப்பட்ட வணக்கம். அதன் அசைவுகளால் மூட்டுகளுக்கு நன்மை கிடைக்கலாம், ஆனால் அமைதியோடும் நிதானத்தோடும் தொழ வேண்டிய தொழுகையில் மூச்சு வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. வணக்கத்தை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது வணக்கத்துக்கும் பெருமையல்ல. பிள்ளையின் உடலுக்கும் பயனல்ல.

தொழுகையோடு சேர்ந்து வரும் ஒரு நன்மையை நாமே கைவிட்டிருக்கிறோம். அது பள்ளிவாசலுக்கு நடந்து செல்வது. மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளியின் அருகே குடிபெயர விரும்பியபோது, அவர்கள் எடுத்து வைக்கும் அடிகள் பதிவு செய்யப்படுவதைச் சொல்லி, இருந்த இடத்திலேயே இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இன்று அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு நாம் ஸ்கூட்டரில் போகிறோம். உரிமம் பெறும் வயது வராத பிள்ளையிடமே வண்டிச் சாவியைக் கொடுத்து அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அதற்காகப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. காலைப் பூட்டி வைத்துவிட்டு, கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளை நடப்பதில்லை என்று புலம்புவது என்ன நியாயம்?

பெண் பிள்ளைகளுக்குப் பூட்டிய கதவு

மேலே சொன்ன 85 விழுக்காட்டை மீண்டும் நினைவுபடுத்துகிறோம். உலகம் முழுவதற்குமான கணக்கு அது. ஆயினும் நம் வீடுகளில் அதன் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பருவமடையும் வரை தெருவில் ஓடி விளையாடிய பிள்ளையை, பருவமடைந்த மறுநாளே வீட்டுக்குள் அமர்த்திவிடுகிறோம். நான்கு ஆண்டுகள் கழித்து எடை கூடிவிட்டதென்று, "இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று அவள் காதுபடவே பேசுகிறோம். நடக்கும் உரிமையையும் பறித்தோம். நடக்கவில்லை என்று தண்டிக்கவும் செய்கிறோம்.

ஹயா ஈமானின் ஒரு கிளை; அதை ஒருபோதும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஹயா என்பது அசையாமல் இருப்பதல்ல. மறைவு தேவை என்றால் மறைவை ஏற்பாடு செய்வது பெரியவர்களின் கடமை. மறைவை ஏற்பாடு செய்யாமல் இயக்கத்தையே தடுத்துவிடுவது நம் சோம்பலுக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதாகும்.

நம் ஊர் ஜமாஅத்துகள் பலவற்றுக்குச் சொந்தமாகத் திருமண மஹால்கள் உள்ளன. திருமணம் இல்லாத நாட்களில் அவை பூட்டியே கிடக்கின்றன. வாரத்தில் மூன்று நாட்கள், அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை, அந்த மஹாலைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? ஓர் இறகுப்பந்து வலை, சில கயிறுகள், பொறுப்பாக ஓர் ஆலிமா அல்லது ஆசிரியை. பெரிய செலவில்லை. நிக்காஹ் ஒன்றில் அலங்காரத்துக்காகும் பணத்தில் பல ஆண்டுகள் நடத்திவிடலாம். நிஸ்வான் மதரஸாக்களின் முற்றங்களும் மொட்டை மாடிகளும் இதற்குப் பயன்படும். தேவைப்படுவது மனம் மட்டுமே.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் மனித ஊக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஒரு செயலில் மனிதன் நிலைத்து நிற்க மூன்று தேவை என்பது அவர்கள் கண்ட முடிவு: தானே விரும்பித் தேர்ந்தது என்ற உணர்வு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தன்னை ஏற்றுக்கொள்ளும் மனிதர்களின் துணை. அச்சத்தாலும் குற்ற உணர்வாலும் தொடங்கும் செயல் நெடுநாள் நீடிப்பதில்லை.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வருவோம்.

தேர்வைப் பிள்ளையிடம் விடுவோம். நடை பிடிக்கவில்லையா? மிதிவண்டி இருக்கிறது, நீச்சல் இருக்கிறது, சிலம்பம் இருக்கிறது. ஓட்டம் மட்டுமே உடற்பயிற்சி என்று எங்கும் எழுதப்படவில்லை.

வெல்லக்கூடிய இடத்தில் தொடங்குவோம். கனத்த உடல் கொண்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வலு அதிகம். குண்டு எறிதலிலும் எடைப் பயிற்சியிலும் அவர்கள் மெலிந்தவர்களை எளிதில் மிஞ்சுவார்கள். தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் நீச்சலில் முட்டி வலிப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே 60 நிமிடம் வேண்டாம். பத்து நிமிடம் போதும். மறுவாரம் பதினைந்து ஆகட்டும். சிறிதளவு இயக்கமும் ஒன்றுமில்லாமைக்கு மேல் என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் தன் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வலியுறுத்துகிறது.

உடன் செல்வோம். வாப்பாவுக்கும் தொந்தி இருக்கிறது. உம்மாவுக்கும் முட்டி வலி இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து இஷாவுக்குப் பிறகு தெருவைச் சுற்றி ஒரு நடை நடந்தால் மூவருக்கும் நலம். அந்த நடையில் மதிப்பெண்ணையும் எடையையும் பற்றிப் பேசாதிருப்பது கூடுதல் நலம்.

பள்ளிக்கூடங்களிலும் கேட்போம். பொதுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நாம், பிள்ளையின் விளையாட்டு வகுப்பு எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களில் கோடை தோறும் கால்பந்துப் போட்டிகள் விமரிசையாக நடக்கின்றன, பெருமைக்குரியது. சிறந்த ஆட்டக்காரர்களுக்குப் பரிசளிக்கும் அதே மைதானத்தில், வாரத்தில் ஒரு மாலையை ஆடத் தெரியாத பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால், சுவரோரம் நிற்கும் பிள்ளைகளும் உள்ளே வருவார்கள்.

கண்டிப்பு வேண்டாம் என்றால் கவனமும் வேண்டாம் என்று பொருளல்ல. பிள்ளையின் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்தால், அழுக்கு என்று எண்ணித் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். உறக்கத்தில் பலத்த குறட்டை, மாதவிடாய் ஒழுங்கின்மை, இடுப்பிலோ முட்டியிலோ வலியுடன் நொண்டி நடப்பது ஆகியவை இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இவற்றைப் பேச வேண்டிய இடம் மருத்துவரின் அறை, வலீமாப் பந்தியல்ல.

2022ஆம் ஆண்டில் உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடையுடன் இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேர் உடற்பருமன் உள்ளவர்கள். இத்தனை கோடிப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று அறிவுள்ள எவரும் சொல்ல மாட்டார். அவர்களைச் சுற்றி நாம் கட்டியெழுப்பிய வாழ்க்கைதான் மாறிவிட்டது. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் உடலைப் பற்றி மட்டுமல்ல, அவர்களின் உள்ளத்தில் நாம் ஏற்படுத்திய காயத்தைப் பற்றியும் நாளை விசாரிக்கப்படுவோம்.

அடுத்த விருந்தில் யாரேனும் ஒரு பிள்ளையின் உடலைப் பார்த்துச் சிரித்தால், அங்கிருக்கும் ஒருவராவது "ஏன் சிரிக்கிறீர்கள்?" என்று கேட்கட்டும். அது ஒரு சுன்னத்தை உயிர்ப்பிப்பதாகும். பந்து ஒரு பிள்ளையின் காலடியில் வந்து நின்றால், "உதை, நானும் வருகிறேன்" என்று சொல்ல ஒரு பெரியவராவது எழுந்து வரட்டும்.

நம் பிள்ளைகளைக் கண்ணியத்தோடு வளர்க்கும் மனத்தையும், அவர்களோடு சேர்ந்து நடக்கும் வலுவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.